இரண்டாவது சரணத்தில் ஒரு விம்மல்

என் குரலில் சோகம் இருப்பதை முதலில் கண்டுபிடித்தவர், எங்கள் ஊர்க் கோயிலில் பாடகர் குழுவை நடத்திவந்த சிஸ்டர். எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. கிறிஸ்துமஸ் பாட்டுக்கான ஒத்திகையில், பாலன் பிறந்த மகிழ்ச்சியை முழுத்தொண்டையில் பாடிக்கொண்டிருந்தேன். சிஸ்டர் ஆர்மோனியத்தை நிறுத்தினார்.

"பிள்ளைக்கு ஒண்ணும் ஆகலம்மா. நல்லபடியாத்தான் பொறந்திருக்காரு. கொஞ்சம் சிரிச்சாப்புல பாடு" என்றார்.

சிரித்துக்கொண்டே பாடினேன். பக்கத்தில் நின்ற பிள்ளை அழுதுவிட்டது. அதிலிருந்து கிறிஸ்துமஸ் வந்தால் எனக்குப் பின்வரிசை. வாயை மட்டும் அசைத்தால் போதும். ஏசு சிலுவையில் இறந்த பெரிய வெள்ளி வந்தால் முன்வரிசை. மைக்கே என் கையில். வருஷத்துக்கு ஒரு நாள் எங்கள் ஊர் அகரத்தில் என்னைவிடப் பெரிய பாடகி கிடையாது.

படிப்பு முடிந்ததும் திண்டுக்கல்லில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை கிடைத்தது. ரிப்போர்ட் தயாரானதும் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு, கவரைக் கையில் கொடுக்க வேண்டும். இதில் என்ன தப்பு நடந்துவிடப் போகிறது என்று நினைத்துத்தான் சேர்ந்தேன். ஆனால் நான் பெயரைச் சொன்னதும் ஆட்கள் நெஞ்சில் கைவைத்துக்கொண்டு எழுந்து வந்தார்கள். ஒரு பெரியவர் மேசையைப் பிடித்தபடி நின்று, "நீ எம்பேரைக் கூப்புட்ட விதத்துலயே எனக்கு வெளங்கிருச்சும்மா. இன்னும் எத்தன நாளுன்னு மட்டும் சொல்லிரு" என்றார்.

"ஐயா, உங்களுக்குச் சர்க்கரைகூட இல்ல. எல்லாம் நார்மல்."

"நார்மலுங்கிறதையே இப்புடிச் சொல்றியே தாயி" என்று அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

மறுநாள் முதலாளி டோக்கன் நம்பர் காட்டும் மிஷின் ஒன்றை வாங்கிச் சுவரில் மாட்டினார். என்னிடம் ஒரு வார்த்தைகூடக் கடிந்து பேசவில்லை. நான் வாயைத் திறக்க வேண்டிய அவசியம் இல்லாமல் பார்த்துக்கொண்டார், அவ்வளவுதான்.

அங்கே ரத்தம் எடுக்கும் வேலையில் ஓர் அக்கா இருந்தார். ஊசி குத்துவது தெரியாமல் குத்தக்கூடியவர். வீட்டில் கீபோர்டு வாசிப்பார், லேப்டாப்பில் பாட்டுப் பதிவு செய்யவும் தெரியும். நாகல் நகரில் அவர் மாமனாருக்கு மெத்தைக் கடை. எனக்குள் ஒரு பாடகி இருப்பதாக நம்பிய முதல் ஆள் அந்த அக்காதான். சிஸ்டரும் நம்பினார் என்றாலும், அவர் ஒரு நாளைக்கு மட்டும்தானே நம்பினார்.

பாட்டு பிறந்த கதையைச் சொல்கிறேன். அகரத்திலிருந்து வேலைக்கு வர நான் ஒரு தனியார் பஸ்ஸை நம்பியிருந்தேன். அந்த டிரைவர் எங்கள் ஸ்டாப்பில் நிறுத்த மாட்டார். கை காட்டினால் என் கண்ணைப் பார்ப்பார், கியர் மாற்றுவார், போய்விடுவார். ஒரு வாரத்தில் மூன்றாவது தடவையாக அப்படி நடந்த அன்று, புழுதிக்கு நடுவே நின்று அவரைச் சத்தமாகத் திட்டினேன். என் வாயில் திட்டும் ராகமாகத்தான் வந்தது. அதையே முணுமுணுத்துக்கொண்டு, அடுத்த பஸ்ஸில் ஏறி, தாமதமாக வந்து சேர்ந்தேன்.

டீ குடிக்கும்போது அக்கா, "என்னடி பாட்டு அது? முழுசாப் பாடு" என்றார். பாடினேன்.

செத்த நேரம் நின்னுட்டுப் போனா
என்ன கொறஞ்சு போகும் ஒனக்கு?
கைய நீட்டி நின்ன எனக்குப்
புழுதி மட்டுந்தானா கணக்கு?

அக்கா டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டார். "காதல் பாட்டு இம்புட்டு நல்லா எழுதுவியாடி நீ?"

"பஸ்ஸைத் திட்டுனேன்க்கா."

"அது யாருக்குத் தெரியப்போகுது? ஞாயித்துக்கெழமை பூசை முடிஞ்சதும் கடைக்கு வா."

மெத்தைக் கடையின் மாடியில் சரக்கு அறை. நாலு சுவரை ஒட்டியும் இலவம்பஞ்சு மெத்தைகள் கூரைவரை அடுக்கியிருந்தன. வெளியே ஆட்டோ ஹாரன் அடித்தாலும் உள்ளே ஒரு சத்தமும் வராது. மெட்ராஸ் ஸ்டூடியோவில்கூட இப்படி ஓர் அமைதி கிடையாது என்றார் அக்கா. அவர் மெட்ராஸ் ஸ்டூடியோவைப் பார்த்ததில்லை. மின்விசிறி போட்டால் மைக்கில் கேட்கும் என்பதால் அதையும் நிறுத்திவிட்டு, வேர்க்க விறுவிறுக்கப் பாடினேன். முதல் சரணம் நன்றாகப் போயிற்று. இரண்டாவது சரணத்தில் பஞ்சு மூக்கில் ஏறிவிட்டது. தும்மினால் எல்லாம் பாழ். பல்லைக் கடித்து, மூச்சை இழுத்து, தும்மலை அப்படியே உள்ளே அமுக்கினேன். 'ஹ்க்' என்று ஒரு சத்தம். கண்ணில் தண்ணீர் கொட்டியது. விடாமல் பாடி முடித்தேன்.

"அந்த எடத்தை மட்டும் இன்னொரு தடவ பாடிருவோம்க்கா" என்றேன். கரண்ட் போய்விட்டது. அன்று முழுக்க வரவே இல்லை. லேப்டாப்பில் சார்ஜும் தீரும் நிலைக்கு வந்துவிட்டது. அக்கா கேட்டுப் பார்த்துவிட்டு, "இருக்கட்டும்டி, யாரு அம்புட்டு கவனமாக் கேக்கப்போறா?" என்று அப்படியே இணையத்தில் ஏற்றிவிட்டார்.

ஊரே கவனமாகக் கேட்டது. முதலில் சொந்தக்காரர்கள் மட்டும்தான் கேட்டார்கள். பிறகு யாரோ ஒரு பெண், அந்த 'ஹ்க்' வரும் இடத்தை மட்டும் வெட்டி எடுத்து, ரயில் ஜன்னலோரம் அழுவதுபோல் ஒரு வீடியோ போட்டாள். அதைப் பார்த்து ஆயிரம் பேர் ஜன்னலோரம் அழுதார்கள். பூனையை வைத்து ஒருவர் போட்டார். பால் பொங்கி வழிவதற்கு ஒருவர் போட்டார். 'இரண்டாவது சரணத்தில் வரும் விம்மலைக் கேட்டு நான் உடைந்துவிட்டேன்' என்று கீழே எழுதினார்கள். புழுதி என்பது பிரிந்துபோன காதலின் எச்சம் என்று ஒருவர் மிக நீளமாக விளக்கியிருந்தார். படித்தபோது எனக்கே கண் கலங்கியது. நான் இவ்வளவு யோசித்திருப்பேன் என்று எனக்குத் தெரியாது.

என் அம்மாவும் அந்த விம்மலைக் கேட்டார். ஒரு சாயங்காலம் வெஞ்சனத்துக்குப் புடலங்காய் நறுக்கிக்கொண்டே தொடங்கினார்.

"யாருடி அது?"

"எதும்மா?"

"நிக்காமப் போனவன்."

"பஸ்ஸும்மா."

அரிவாள்மனை நின்றது. "பஸ்ல வாரவனா?"

"பஸ்ல யாரும் வரலம்மா. பஸ்ஸேதான்."

"டிரைவரா, கண்டக்டரா? மறைக்காமச் சொல்லிரு. அப்பாகிட்ட நான் பேசிக்கிறேன்."

அப்பா வாசலில் கத்தரிக்காய் மூட்டையைத் தைத்துக்கொண்டிருந்தார். அதிகம் பேசாத மனிதர். "எந்த பஸ்ஸு?" என்று மட்டும் கேட்டார். மறுநாள் காலையில் என்னோடு ஸ்டாப்புக்கு வந்துவிட்டார், கூடவே மூட்டையையும் தூக்கிக்கொண்டு. அந்த பஸ் வந்தது. மூட்டையைப் பார்த்ததும் அழகாக நின்றது. லக்கேஜ் காசு போடலாம் அல்லவா. அப்பா படியில் ஒரு காலை வைத்து டிரைவரை மேலும் கீழும் பார்த்தார். டிரைவருக்கு மீசை முழுக்க நரை. பேரன் பேத்தி எடுத்த வயது. அப்பா நிம்மதியாகக் காலை இறக்கிக்கொண்டார். "நீங்க போங்க" என்றார். பஸ் போய்விட்டது. நானும் ஏறவில்லை. அன்றும் எனக்கு லேட்.

"பஸ்ஸுதான்டி" என்று அப்பா வீட்டில் சாட்சி சொன்ன பிறகுதான் அம்மா சோறு போட்டார்.

இந்த நேரத்தில்தான் என் அத்தான் களத்தில் இறங்கினார். என் கூடப்பிறந்த அக்காவைக் கட்டியவர், ஒட்டன்சத்திரம் பக்கம் போர்வெல் மோட்டார் விற்றுக்கொண்டிருந்தவர். யாரையும் கேட்காமல் தன்னை என் மேனேஜராக நியமித்துக்கொண்டு, கார்டு அடித்துக் கொண்டுவந்தார். என் பெயருக்கு மேல் 'உயிர் உருக்கும் குரலரசி' என்று போட்டிருந்தது. பின்பக்கம் மோட்டார் படம் இருந்தது.

"ஏனுங்க அத்தான், இது எதுக்குங்க?" என்றேன். அவரிடம் மட்டும் எனக்கும் அந்தக் கொங்குப் பேச்சு ஒட்டிக்கொள்ளும்.

"ரெண்டு யாவாரத்துக்கும் ஒரே கார்டுங்க அம்மணி. பாட்டு புடிக்கலீன்னாலும் மோட்டாராச்சும் வாங்குவாங்கல்ல?"

பாட்டு பரவியதும் அம்மாவுக்குக் கல்யாணக் கவலை வந்துவிட்டது. பாட்டைக் கேட்டவர்கள் எல்லாம் பெண்ணுக்கு ஏதோ பழைய கதை இருக்கிறது என்று ஒதுங்குவதாக அவர் நினைத்தார். அதனால் செம்பட்டியிலிருந்து ஒரு வரன் வந்தபோது, மாதாவுக்கு மெழுகுதிரி ஏற்றிவைத்துவிட்டு, "கேட்டா ஒழியப் பாடாத" என்று எனக்கு உத்தரவு போட்டார்.

பையனுக்கு அப்பா இல்லை. அம்மாதான் டிராக்டர் உதிரிபாகக் கடையைத் தனியாக நடத்துகிறார். வந்து உட்கார்ந்ததும் வீட்டை ஒரு பார்வையில் அளந்துவிட்டார். காப்பி ஆறும் முன்பே விஷயத்துக்கு வந்தார். "பாட்டைப் பத்தி நாலு பேரு நாலு விதமாச் சொல்றாங்க. எனக்கு மறைச்சுப் பேசத் தெரியாது. அந்தப் பாட்டு யாரைப் பத்தி?"

"பஸ்ஸைப் பத்தி" என்றார் அப்பா, மூலையிலிருந்து.

அந்த அம்மா அப்பாவைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு என்னிடம், "பாடு, கேப்போம்" என்றார்.

கேட்டுவிட்டார்கள், பாடினேன். பையன் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார். முதல் சரணத்தில் அவர் தோள் ஆடியது. இரண்டாவது சரணத்துக்கு நான் வருவதற்குள் தேம்பித் தேம்பி அழ ஆரம்பித்துவிட்டார். அந்த விம்மல் என் தொண்டையிலிருந்து வர வேண்டிய இடத்தில் அவரிடமிருந்து வந்தது. அசலைவிட நன்றாகவே இருந்தது.

"ஏலே, என்னலே?" என்றார் அவர் அம்மா.

"நாந்தான்மா நிக்காம வந்துட்டேன். அவ அங்க நிக்கிறாம்மா. எங்கூடப் படிச்சவ. ஒங்ககிட்டச் சொல்லப் பயந்துக்கிட்டு இங்க வந்து உக்காந்திருக்கேன்."

அத்தான் மெதுவாக ஒரு கார்டை எடுத்து, கூட வந்திருந்த பையனின் சித்தப்பாவிடம் நீட்டினார்.

அந்த அம்மா எழுந்து சேலையை உதறிக்கொண்டார். என்னைப் பார்த்து, "மூணு வருஷமா நான் கேட்டும் வாயத் தொறக்காத பய. நீ ஒரு பாட்டுல கக்க வச்சுட்டியே" என்றார். அது பாராட்டா வசவா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. காப்பியை மட்டும் நின்றுகொண்டே குடித்து முடித்துவிட்டுத்தான் போனார். என் அம்மா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள், "அந்தப் புள்ளையக் கட்டி வைப்பாளா அவன் ஆத்தா?" என்று கேட்டார். அவருக்கும் அந்தக் கவலை வந்துவிட்டது.

பிறகுதான் சென்னையிலிருந்து அழைப்பு வந்தது. ஒரு சினிமா இசையமைப்பாளரின் உதவியாளர் பேசினார். கதாநாயகி பிரிந்துபோகும் இடத்தில் ஒரு பாட்டு. என் குரல்தான் வேண்டுமாம். அத்தான் புதுச் சட்டை எடுத்தார். நானும் ரத்தம் எடுக்கும் அக்காவும் அவருமாக ரயில் ஏறினோம்.

ஸ்டூடியோ அவ்வளவு குளிர். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இசையமைப்பாளர் கைகளைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நல்ல மனிதர், மென்மையாகப் பேசினார். பாடினேன். "அழகு. இப்ப ரெண்டாவது சரணத்துல உங்க விம்மலை வைங்க" என்றார். வைத்தேன். விக்கல் மாதிரி வந்தது. மறுபடி வைத்தேன். ஏப்பம் மாதிரி வந்தது. "வாழ்க்கையில உங்களை ரொம்பக் காயப்படுத்துன ஒருத்தரை நினைச்சுக்கோங்க" என்றார். எனக்கு நினைவுக்கு வந்தவர் அந்த நரைமீசை டிரைவர் ஒருவர்தான். நினைத்தேன். கோபம் வந்தது, விம்மல் வரவில்லை.

பதினாலு தடவைக்குப் பிறகு என்னால் பொறுக்க முடியவில்லை. "சார், அது விம்மல் இல்ல சார். தும்மல். இலவம்பஞ்சு" என்று சொல்லிவிட்டேன்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் எல்லோரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். இசையமைப்பாளர் யோசித்தார். "பஞ்சு கிடைக்குமா?" என்று உதவியாளரிடம் கேட்டார். எங்கிருந்தோ ஒரு தலையணை வந்தது. அத்தான் பொறுப்பாக அதைக் கிழித்து, என் முகத்துக்கு நேராகத் தட்டினார். நன்றாகவே தட்டிவிட்டார். ஒன்பது தும்மல் தும்மினேன், ஒன்றைக்கூட அமுக்க முடியவில்லை. எதுவும் சுருதியிலும் இல்லை. அந்த மைக்கைத் துடைக்கவே அவர்களுக்கு வெகுநேரம் ஆனது.

பாட்டு வேறொரு பாடகிக்குப் போய்விட்டது. ஆனால் என்னிடம் அனுமதி கேட்டு, மெத்தைக் கடை மாடியில் பதிவான அந்த 'ஹ்க்'கை மட்டும் எடுத்து, அந்தப் பாட்டின் நடுவே வைத்துக்கொண்டார்கள். இப்படியாக நான் சினிமாவில் நுழைந்தேன், இரண்டே எழுத்தில்.

படம் திண்டுக்கல்லுக்கு வந்த அன்று சொந்தபந்தம் இரண்டு வரிசையை நிறைத்தது. அத்தான் எழுந்து நின்று, "பாட்டு ஆரம்பிக்குதுங்க, எல்லாரும் பேசாம இருங்க" என்று தியேட்டருக்கே அறிவித்தார். பாட்டு வந்தது. கதாநாயகி மழையில் நடந்தாள். இரண்டாவது சரணம் வந்தது. சரியாக அந்த நேரம் பார்த்து என் பெரியம்மா முறுக்கைக் கடித்தார்.

விளக்கு போட்டதும் அப்பா என் காதருகே குனிந்து, "வந்துருச்சா?" என்று கேட்டார்.

"வந்துட்டுப் போயிருச்சுப்பா."

"நல்லாருந்துச்சா?"

"நல்லாருந்துச்சுப்பா."

அம்மா கேட்டாராம். "எம்மகதான்னு தெரிஞ்சுச்சு. சளி புடிச்சா இப்புடித்தான் பண்ணுவா" என்று பக்கத்து வரிசை வரைக்கும் சொன்னார். இத்தனை நாள் உலகத்தில் ஒருவரும் கண்டுபிடிக்காததை ஒரு நொடியில் சொல்லிவிட்டார்.

அந்த 'ஹ்க்' என்னை விட்டபாடில்லை. ஊர் ஊராக மேடைக்குக் கூப்பிட்டார்கள்; எங்கே பாடப் போனாலும் கூட்டம் இரண்டாவது சரணத்துக்காகக் காத்திருந்தது. போனை உயர்த்திப் பிடித்துக்கொண்டு என் தொண்டையையே பார்த்துக்கொண்டிருக்கும். நான் அந்த இடத்தில் கண்ணை மூடிக்கொண்டு சும்மா நிற்கக் கற்றுக்கொண்டேன். கூட்டமே ஒன்றாக விம்மிக்கொடுத்தது. எனக்கு வேலை மிச்சம். ஆனால் வீட்டுக்கு வந்தால் மனசு சப்பென்று இருக்கும். பாடத் தெரிந்தவளா, தும்மத் தெரிந்தவளா என்று எனக்கே குழப்பம்.

அப்போதுதான் செம்பட்டி உதிரிபாகக் கடை அம்மாவிடமிருந்து போன் வந்தது. "எம்மகனுக்கு அந்தப் புள்ளையவே பேசி முடிச்சுட்டேன். நீதான் வந்து பாடணும். ஆனா அந்தப் பாட்டு வேணாம். சந்தோசமாப் பாடு."

சந்தோஷப் பாட்டுக்கு என்னை இதுவரை யாரும் கூப்பிட்டதில்லை. அக்கா கீபோர்டோடு வந்தார். வாழைமரம் கட்டிய மண்டபம், பிரியாணி வாசனை. வேகமான ஓர் ஆட்டப் பாட்டை எடுத்தேன். பையன்கள் மேடைக்கு முன்னால் வந்து ஆடினார்கள். நாலு வரி போனதும் ஆட்டம் தளர்ந்தது. இரண்டு பேர் ஒருவர் தோளில் ஒருவர் கைபோட்டுக்கொண்டார்கள். மூன்றாவது ஆள் தூணில் சாய்ந்துவிட்டார். மாப்பிள்ளையும் பெண்ணும் மட்டும் கைகோத்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

அந்த அம்மா விறுவிறுவென்று மேடை ஏறி வந்தார். திட்டப்போகிறார் என்று நினைத்து மைக்கைத் தாழ்த்தினேன்.

"சந்தோசப் பாட்டையும் ஏண்டி சாவு விழுந்த துட்டி வீடாட்டம் பாடுற?"

"என் தொண்டை அப்புடிங்கம்மா. வேணும்னு செய்யல."

அவர் என்னையே பார்த்தார். பிறகு நாற்காலியை இழுத்து மேடையிலேயே, எனக்கு நேர் எதிரே உட்கார்ந்தார். "எங்க வீட்டுக்காரரு போனப்ப எனக்கு அழ நேரமில்லடி. வந்தவங்களுக்குக் காப்பி குடுக்கணும், கடையத் தொறக்கணும், இந்தப் பயலப் பரிச்சைக்கு அனுப்பணும். அப்பறம் அழலாம்னு வச்சேன். அப்பறம்னு ஒண்ணு வரவே இல்ல." சேலைத் தலைப்பை மடியில் சரிசெய்துகொண்டார். "அந்த நிக்காமப் போன பாட்டையே பாடு. ஆரு என்ன நெனச்சா எனக்கென்ன?"

பாடினேன். பஸ்ஸோ புழுதியோ எனக்கு நினைவில் வரவில்லை. அந்த அம்மாவின் முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டு பாடினேன். அவர் சத்தமில்லாமல், அவசரமில்லாமல், பட்டுச்சேலை நனைய அழுதார். போட்டோக்காரர் என்ன செய்வது என்று தெரியாமல் கேமராவை இறக்கிவிட்டார். இரண்டாவது சரணத்தில் நான் நிறுத்தவும் இல்லை, விம்மவும் இல்லை. நேராகப் பாடிக்கொண்டு போனேன். யாரும் விம்மச் சொல்லிக் கேட்கவும் இல்லை.

முடிந்ததும் அவர் மூக்கை உறிஞ்சி, முகத்தைத் துடைத்து, எழுந்து பந்தியைப் பார்த்தார். "ஏலே, ரெண்டாம் பந்திக்குத் தயிர்ப்பச்சடி போகலயே! என்னத்தப் பாத்துக்கிட்டு நிக்கிறிங்க?" என்று மைக் தேவைப்படாத குரலில் கத்திக்கொண்டு இறங்கிப் போனார்.

நாங்கள் சாப்பிட உட்கார்ந்தபோது அவரே வாளியோடு வந்தார். எனக்குப் பரிமாற வந்த ஆளை விலக்கிவிட்டு, என் இலையில் கறித்துண்டுகளாகப் பொறுக்கி வைத்தார். போதும் என்று கையை மறித்தேன். "எடு கைய. தெம்பு வேணாமா? அடுத்த மாசம் எங்க அண்ணன் மகளுக்கு நிச்சயம். அங்கயும் நீதான்" என்றார்.

பக்கத்து இலையிலிருந்து அத்தான் எச்சில் கையோடு எழுந்து, இடக்கையால் சட்டைப்பையில் கார்டைத் தேடத் தொடங்கினார்.